பழைய ஆம்னியின் பெடல்: கிரீஸ் வைக்கும் முன் ஆட்டிப் பாருங்கள்

மாருதி ஆம்னி 1984-ல் வந்தது. 2019-ல் உற்பத்தி நின்றது. இன்று ஓடுகிற ஆம்னி எதுவும் புது வண்டி இல்லை. பெடல் கிரீச்சிடுவதும், கிளட்ச் மிதித்துக் கால் வலிப்பதும் இந்த வயதில் சகஜம். கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் தேய்ந்துபோன இரும்பை கிரீஸ் வளர்த்துத் தராது, சத்தத்தை மட்டும் அடக்கும். அது ஆபத்து.

தேவையானவை: டார்ச், பழைய துணி, பழைய டூத் பிரஷ், பிளையர், லித்தியம் கிரீஸ், துரு இளக்கும் ஸ்பிரே, கொஞ்சம் எண்ணெய், புது காட்டர் பின்கள் (இணைக்கும் பின் நழுவாமல் இருக்க, துளையில் செருகி முனையை வளைக்கும் கம்பி).

1. வண்டியை நிறுத்துதல். சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

2. ஆட்டிப் பார்த்தல். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெடலைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால், அது திரும்பும் இடத்தில் உள்ள புஷ் (உராய்வைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அப்புறம் பிரேக் பெடலை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே, அதோடு இணைந்த தள்ளுதண்டைக் கவனியுங்கள். பெடல் நகர்ந்த பிறகும் தண்டு சும்மா இருந்தால், இணைக்கும் பின்னோ அதன் துளையோ தேய்ந்திருக்கலாம். பின் மலிவு, மாற்றிவிடலாம். துளையே முட்டை வடிவமாகிவிட்டால் பெடலையே மாற்றுங்கள். பிரேக்கில் ஒட்டுவேலை வேண்டவே வேண்டாம்.

3. துடைத்து கிரீஸ் வைத்தல். பழைய கிரீஸில் மண் சேர்ந்து உப்புத்தாள் போல அராவும். அதன் மேலேயே புது கிரீஸ் பூசிப் பயனில்லை. ஸ்பிரே அடித்து, பிரஷால் தேய்த்து, துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஸ்பிரே துருவை இளக்கத்தான். அதை மட்டும் அடித்துவிட்டால் சீக்கிரம் காய்ந்து மறுபடி சத்தம் வரும். இணைக்கும் பின், புஷ், ஸ்பிரிங் மாட்டும் கொக்கி ஆகியவற்றில் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். கழற்றிய காட்டர் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். வளைத்த இடத்தில் முறியும்.

மிதிக்கும் ரப்பரிலும் பிரேக் லைட் சுவிட்சிலும் கிரீஸ் படக்கூடாது. பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரிலும் கூடாது. சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். பிரேக் தள்ளுதண்டின் நீளத்தை மாற்றாதீர்கள். நீளம் கூடினால் பிரேக் ஆயில் திரும்ப வழியில்லாமல், ஓடும்போதே பிரேக் பிடித்துக்கொண்டு சூடாகும்.

4. கிளட்ச் கேபிள். முனையில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். பெடலைக் கையால் அழுத்தினால், கனம் தெரிவதற்கு முன் சுமார் 2 செ.மீ. சும்மா இறங்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையிலுள்ள நட்டில் இதைச் சரிசெய்யலாம். இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் நழுவித் தேயும். அதிகமானால் கியர் உறுமும்.

5. ஆக்சிலேட்டர். கீலில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். இன்ஜின் அணைந்திருக்கும்போதே பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். டக்கென்று மேலே வராமல் சோம்பலாக வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மேட் தடுக்கிறதா, கேபிள் சிக்குகிறதா என்று பாருங்கள்.

6. சோதனை. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் லைட் எரிந்து அணைகிறதா என்று கேளுங்கள். பிறகு காலி இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி பிரேக் பிடியுங்கள். அழுத்திப் பிடிக்கப் பிடிக்க பெடல் மெல்ல உள்ளே இறங்கினால் கோளாறு இணைப்புகளில் இல்லை, பிரேக் ஆயில் பக்கம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.