பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கடலோர ஊருக்கு ஒரு நாள்: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு நானும் அவரும் மட்டுமாக ஒரு நாள் முழுக்க வெளியே போனது மூன்றே தடவை. மூன்றும் கடலுக்குத்தான். முதல் தடவை சொதப்பல். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது தடவை இரவு வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அத்தையோடு விளையாட்டில் மூழ்கியிருந்தான். அந்த மூன்றாவது தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த ஊர், எதில் போவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் பாடு.

படி 1: வீடு திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

கிளம்பும் நேரத்திலிருந்து திட்டம் போடாதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை மணி வரை தாங்குவார் என்பதுதான் உண்மையான எல்லை. எங்கள் வீட்டில் அது இரவு 8 மணி. அதிலிருந்து பின்னால் வாருங்கள். பயணம் இரண்டரை மணி நேரம், தாமதத்துக்கென்று முக்கால் மணி நேரம். ஆக 4.45க்குக் கடற்கரையிலிருந்து எழுந்துவிட வேண்டும். ரயிலோ பஸ்ஸோ, கடைசி வண்டியை நம்பாதீர்கள். அதற்கு முந்தையதுதான் உங்கள் வண்டி.

படி 2: பார்த்துக்கொள்பவருக்கு ஒரே ஒரு தாள்

போனில் அனுப்பும் செய்தி அடுத்த பத்துச் செய்திக்குள் புதைந்துவிடும். தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒத்துக்கொள்ளாத பொருள், காய்ச்சல் மருந்தின் அளவு, டாக்டர் எண், நாங்கள் வர முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது. இவ்வளவு போதும். எப்போது சாப்பிட வைப்பது, எப்படித் தூங்க வைப்பது என்றெல்லாம் நான் முதல் தடவை இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று பிள்ளைகளை வளர்த்த அத்தை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

பிள்ளைகள் தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டே போங்கள். மதியம் ஒரு போன், அதுவும் குரல் மட்டும். வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும்தான் சின்னவனுக்கு அழுகையே வந்தது.

படி 3: கடல் ஏறி இறங்கும் நேரம்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் தடவை போனபோது காலை 9 மணிக்கெல்லாம் கடற்கரையில் இருந்தோம். மணல் எங்கே முடிகிறது என்றே தெரியாத அளவுக்குத் தண்ணீர் உள்வாங்கியிருந்தது. பாறை முனை ஒன்றைச் சுற்றிக்கொண்டு நடந்தால் அந்தப்பக்கம் ஆளில்லாத சின்னக் கரை. உட்கார்ந்து பேசினோம். நடுவில் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தேன், கடல் தூரத்திலேயே இருந்தது. பன்னிரண்டரைக்கு அவர் எழுந்து, “நாம் வந்த வழி எங்கே?” என்றார். பாறையைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், அலையும் அடிக்கிறது. பின்னால் இருந்த பாறை மேல் ஏறி, 5 மணி வரை காத்திருந்தோம். போனில் சிக்னல் இல்லை, வண்டியும் போய்விட்டது. வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். நேற்றுப் போய்வந்தவர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவாது.

ஏறுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணி நேரத்தில் 1 பங்கு, அடுத்ததில் 2, பிறகு 3, 3, 2, 1. மாலுமிகள் இதை மனக்கணக்காகவே வைத்திருப்பார்கள். ஏற்றம் 4 மீட்டர் என்றால் முதல் மணி நேரத்தில் ஏறுவது 33 சென்டிமீட்டர்தான், மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் ஒரு மீட்டர். நான் எட்டிப் பார்த்தபோது கடல் அசையாததுபோலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஏமாந்தது என் கண் இல்லை, கணக்கு தெரியாத மூளை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. உச்சம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். கரையை நோக்கிப் பலத்த காற்று அடித்தால் அட்டவணையில் போட்டிருப்பதைவிடத் தண்ணீர் உயரும். மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அங்கே போகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

இப்போது எங்கள் விதி: பாறை முனையைச் சுற்றுவதென்றால் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போவோம், முழுக்க இறங்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவோம். வண்ண வண்ணமாகப் படம் காட்டும் செயலிகளை நான் நம்புவதில்லை. துறைமுகமோ அரசின் நீர்ப்பரப்பு அளவைத் துறையோ வெளியிடும் அட்டவணையைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்கிறேன்.

(சேர்த்தது: “நீங்கள் சொன்னபடி போனேன், நேரம் சரியாக ஒரு மணி நேரம் தப்பியது” என்று ஒருவர் எழுதியிருந்தார். சில அட்டவணைகள் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். இன்னொருவர் பார்த்தது பக்கத்துப் பெரிய துறைமுகத்தின் அட்டவணை. உங்கள் ஊருக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்பதும் அதிலேயே தனியாக இருக்கும்.)

படி 4: வெயில்

பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது, அதனால் மதியத்தில் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசும். அந்தக் காற்றில் தோல் வேகிறது என்பதே தெரியாது. குடைக்கு அடியில் உட்கார்ந்தாலும் காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. சன்ஸ்கிரீனை நாமெல்லோரும் கஞ்சத்தனமாகத்தான் பூசுகிறோம். டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது, அதாவது நாம் பூசுவதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து எழுந்ததும் இன்னொரு தடவை பூசுங்கள். ஸ்பிரே வேண்டாம், பாதி காற்றோடு போகிறது.

படி 5: பை

ஆளுக்கு ஒரு சின்னப் பை. மெல்லிய துண்டு (தடித்தது காயவே காயாது), தண்ணீர், மாற்று உடை, பவர் பேங்க். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று. வெயிலில் கிடந்தால் போன் சூடாகித் தானே அணைந்துவிடும்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

பிள்ளைகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று முதல் தடவை சபதம் போட்டோம். விளைவு, அரை மணி நேரம் இருவரும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். பேசுங்கள். ஒரு மணி நேரத்தில் அதுவே தீர்ந்து, பழைய கதைகள் தானாக வரும்.

கடலில் இறங்குவதென்றால் உயிர்காப்புக் காவலர் இருக்கும் இடத்தில் மட்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளி நல்ல இடம்போலத் தோன்றும். பல நேரம் அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

பின்சேர்க்கை: “எட்டு மாதக் குழந்தையை விட்டுப் போகிறேன், இதில் எனக்கு ஒன்றுமே இல்லையே” என்று ஒரு தோழி கேட்டார். உண்மைதான், என் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தைக்கானதை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடலாம், தாய்ப்பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். நீங்களும் பம்ப் எடுத்துப் போங்கள். வழக்கமாகப் பால் கொடுக்கும் நேரத்தில் எடுக்காவிட்டால் மதியத்துக்குள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம்தான் தாங்கும், வெயிலில் அதுவும் இல்லை. ஐஸ் கட்டிப் பொதிகளோடு குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். பம்ப் செய்ய நிழலாக, கதவுள்ள இடம் எது என்று முதலிலேயே விசாரித்துவிட்டு, அந்த நேரத்தையும் படி 1 கணக்கில் சேருங்கள்.