சூப்பர் ஹீரோ கிராஃபிக் நாவலைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி

சிங்கப்பூர்ப் புத்தகக் கடைகளில் நாவல் வாங்க வருபவர் சித்திரக்கதை அலமாரியின் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே சூப்பர் ஹீரோ நூலை அவரிடம் விற்க விரும்பும் கடைக்காரர், ரசிகர்கள் தேடிவரும் பிரதிகளை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பிரதியையாவது அக்கதையின் பொருளுக்கு ஏற்ற அலமாரிக்கு மாற்றி வைக்க வேண்டும். 1986, 1987ஆம் ஆண்டுகளில் 12 பகுதிகளாக வெளிவந்த 'வாட்ச்மென்' பனிப்போர்க் கால அச்சத்தையும் அதிகாரத்தையும் பேசுவதால், அதன் இடம் அரசியல் நாவல்களின் அருகில்தான். ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கானின் கதையான 'மிஸ் மார்வெல்', பதின்ம வயதினருக்கான நூல்களோடு இருக்கலாம்.

அடுத்த தடை, "எங்கிருந்து தொடங்குவது?" என்னும் தயக்கம். சூப்பர்மேன் 1938 முதல் வந்துகொண்டிருக்கிறார் என்றால், புதியவர் மலைத்துப்போவது இயல்பே. அதனால் ஒரே தொகுதியில் முடியும் கதைகளை மட்டும் முன்னால் வையுங்கள். முதல் தொகுதி கையிருப்பில் இல்லாதபோது மூன்றாம் தொகுதியைக் காட்சிக்கு வைப்பது வாசகரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். நூலின் அருகே வைக்கும் பரிந்துரை அட்டையில் நாயகனின் ஆற்றலைப் பற்றி எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. 1987இல் நான்கு இதழ்களில் முடிந்த 'பேட்மேன்: இயர் ஒன்' நூலுக்கு, "லஞ்சம் ஊறிய காவல்துறையில் வந்து சேரும் ஒரு நேர்மையான அதிகாரியின் முதல் ஆண்டு, முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை" என்று எழுதினால், குற்றப்புனைவு வாசகர் தாமாகவே கையில் எடுப்பார்.

அவ்வாறு எடுப்பவர் புரட்டிப் பார்ப்பதற்கு, பிளாஸ்டிக் உறை பிரித்த மாதிரிப் பிரதி ஒன்று அவசியம். ஓவியத்தைப் பார்க்காமல் யாரும் முப்பது, நாற்பது வெள்ளி கொடுத்து வாங்குவதில்லை. வயதுவந்தோருக்கான நூல் எது என்பதையும் பரிந்துரை அட்டையிலேயே குறிப்பிடுங்கள்; 'வாட்ச்மென்' சிறுவர்களுக்கானது அன்று.

உள்ளூரிலேயே நமக்கு ஒரு நல்ல பாலம் இருக்கிறது. சித்திரக்கதைக் கலைஞர் சோனி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்றையும் பெற்றது. அதை வாங்கியவருக்குப் படங்களோடு கூடிய நாவல் புதிதன்று. அவரிடம் லியூவே ஓவியம் வரைந்து 2014இல் வெளிவந்த 'தி ஷேடோ ஹீரோ'வைக் காட்டுங்கள். 1944இல் தோன்றி மறக்கப்பட்ட 'கிரீன் டர்ட்டில்' என்னும் நாயகனுக்கு அது புதிதாக ஒரு பிறப்புக் கதையை அமைத்துத் தருகிறது.

தமிழ் வாசகரிடம் இன்னும் எளிய வழி உண்டு. 1972இல் தொடங்கிய தமிழ்ச் சித்திரக்கதை இதழான முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி என்னும் நாயகனின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பரிசு தேடி வருகிறார்கள். மாயாவியை நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு பெரும்பாலும் அவர்கள்தாம் பேசுவார்கள். பேரனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தபின், அவருக்கென்றும் ஒன்றைக் காட்டத் தவறாதீர்கள்.