ஃபயர்கிளே சிங்க்கில் விரிசலா? எபாக்ஸி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சமையலறையைப் புதுப்பிக்கும் பலர் ஆசைப்பட்டு வாங்குவது, முன்பக்கம் முழுவதும் வெளியே தெரியும் வெள்ளை ஃபார்ம்ஹவுஸ் சிங்க். அது பெரும்பாலும் ஃபயர்கிளே: கனமான களிமண்ணை அச்சில் வார்த்து, மேலே கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சைப் பூசி, சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டெடுப்பார்கள். மண்ணும் கிளேஸும் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்துவிடுவதால் கறை எளிதில் பிடிக்காது. கத்தி பட்டாலும் சட்டென்று கீறல் விழாது. ஆனால் எஃகு சிங்க் அடி வாங்கினால் ஒடுங்கும், சுமை ஏறினால் கொஞ்சம் வளையும். ஃபயர்கிளேவுக்கு அந்த வளைவு கிடையாது. தாங்க முடியாத இழுவிசை எங்கே விழுகிறதோ அங்கே பிளந்துவிடும்.

அதனால் விரிசல் விழுந்த இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். காரணத்தைத் தேடாமல் விரிசலை அடைத்தால், அதே விரிசல் அடைத்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரற்கடை நீண்டு நிற்கும்.

விரிசல் இல்லாததை விரிசல் என்று நினைப்பது

சிங்க்கின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். அலுமினியப் பாத்திரமோ எஃகுப் பாத்திரமோ உரசும்போது, கிளேஸைவிட மென்மையான உலோகம் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. பென்சில் கோடு மாதிரி இருக்கும். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட் போன்ற தூளை ஈரத்துணியில் தொட்டு, ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். இதைச் சுரண்டி எடுக்கக் கம்பி நார் போடுவது தவறு. நாரின் துகள்கள் மேற்பரப்பில் சிக்கித் துருக்கறையாக மாறும்.

இன்னொன்று, சிலந்தி வலைபோல் கிளேஸில் மட்டும் ஓடும் நுண்கோடுகள். இதை கிரேஸிங் என்பார்கள். களிமண் உடல் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை இழுத்து மிக நுண்ணிய அளவில் பருக்கும்போது, மேலே இருக்கும் கண்ணாடி போன்ற படலம் இழுபட்டுக் கோடு விடும். அழகைக் கெடுக்கும், தேநீர்க் கறையைப் பிடித்துக்கொள்ளும்; அதற்காக சிங்க் நாளைக்கே உடைந்துவிடும் என்று பொருள் இல்லை.

மெய்யான விரிசலைக் கண்டுபிடிக்க சிங்க்கை நன்றாகத் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நகத்தைக் கோட்டின் குறுக்கே நகர்த்துங்கள்; நகம் தடுக்கினால் அது படலத்தைத் தாண்டிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அடர்த்தியான தேநீரையோ உணவுச் சாயம் கலந்த தண்ணீரையோ கோட்டின் மேல் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். தொடர்ச்சியான ஒற்றைக் கோடாகச் சாயம் நின்றால் விரிசல். வலைபோல் பரவினால் கிரேஸிங். கடைசியாக அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து, அதே இடத்துக்கு நேர் கீழே உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை அழுத்திப் பாருங்கள். சிங்க்கில் நான்கு அங்குலம் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் கழித்தும் காகிதம் காய்ந்தே இருந்தால் இன்னும் மறுபுறம் வரவில்லை.

இந்தச் சோதனைக்கு முன்னால் ஒன்று: கீழே கார்பேஜ் டிஸ்போசர் (உணவுக் கழிவை அரைத்து வடிகாலில் தள்ளும் மோட்டார்) இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் அதன் மின் இணைப்பு சிங்க்குக்கு அடியிலேயே, சொட்டும் தண்ணீர் படும் இடத்திலேயே இருக்கிறது.

வடிகாலைச் சுற்றிய விரிசலில் சிங்க்கைக் குறை சொல்வது

ஓட்டையிலிருந்து கதிர்போல் கிளம்பும் விரிசல்தான் அதிகம் காணப்படுவது. துளை போட்ட இடத்தில்தான் மண் உடல் பலவீனம். அங்கே ஃபிளேஞ்ச் என்ற வடிகால் வாய் வளையத்தை வைத்து, அடியில் பெரிய நட்டை ரெஞ்ச் போட்டு “இன்னும் ஒரு திருகு” என்று இறுக்கினால், அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் சுடுநீர் பட்டவுடன் பிளக்கும். முறை இதுதான்: வளையத்தின் அடியில் நூறு சதவீத சிலிகானைச் சுற்றிலும் பென்சில் கனத்துக்கு வைத்து உட்கார வையுங்கள். அடியில் முதலில் ரப்பர் வாஷர், பிறகு வழுக்கும் ஃபைபர் வாஷர், பிறகு நட். கையால் முடிந்தவரை இறுக்கி, அதன் மேல் கால் சுற்று, அவ்வளவே. தண்ணீர் கசியாமல் தடுப்பது சிலிகானின் வேலை. நட்டின் வேலை வளையத்தைப் பிடித்து நிற்பது மட்டும். ரப்பர் வாஷர் இல்லாமல் உலோகத்தை நேரே மண்ணில் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுமை ஏறும்.

டிஸ்போசர் தொங்குகிறது என்றால் கணக்கு இன்னும் கடுமை. சிறிய மோட்டார் சுமார் 6 கிலோ, பெரியது 12 கிலோ வரை எடை. ஓடும்போது அதிர்வு வேறு. ஃபயர்கிளே எஃகைவிடப் பல மடங்கு தடிமன் என்பதால், எஃகு சிங்க்குக்கான சாதாரண ஃபிளேஞ்சின் கழுத்து நீளம் போதாது. மரை இரண்டு சுற்றில் மட்டும் பிடித்திருக்கும். அதை ஈடுகட்ட பிளம்பர் மேலும் இறுக்குவார். தடித்த சிங்க்குக்கென்றே நீளக் கழுத்து ஃபிளேஞ்ச் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அடைப்பு வளையத்தின் மூன்று திருகுகளையும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்து குழாயால் இழுபட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். குழாயைச் சரியான நீளத்துக்கு வெட்டினாலே அந்த இழுவை போய்விடும்.

கொதிநீரை நேரே கவிழ்ப்பது

முன்னிருந்து பின்னாக, பெரும்பாலும் வடிகால் வழியாகவே ஓடும் ஒற்றை நீள விரிசல் என்றால் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிர்காலக் காலையில் சிங்க் 12 அல்லது 15 டிகிரியில் இருக்கும். அதில் கொதிக்கும் பாஸ்தா தண்ணீரைக் கவிழ்த்தால், நீர் பட்ட மேற்பரப்பு நொடியில் விரியப் பார்க்கும். அடிப்புறமும் ஓரங்களும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். இந்த இழுபறியில் ஏற்கெனவே இறுக்கப்பட்ட வடிகால் ஓரம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

வெளிநாட்டில் வாழும் நம் வீடுகளில் இது இன்னும் அடிக்கடி நடக்கிறது. சோறு வடித்த கஞ்சி, இட்லிப் பானையின் அடித்தண்ணீர், இறக்கிய கையோடு சிங்க்கில் வைத்து மேலே குழாயைத் திறந்துவிடும் பிரஷர் குக்கர். இதில் குக்கர்தான் மோசம். நூறு டிகிரிக்கு மேல் சூடான அடிப்பாகம் கிளேஸை நேரே தொடுகிறது, அதே நொடியில் சுற்றிலும் குளிர்ந்த நீர் ஓடுகிறது. ஆவியைக் குழாய் நீரில் அடக்கியே ஆக வேண்டும் என்றால், ரப்பர் கால் வைத்த எஃகுக் கிரில் ஒன்றை சிங்க்கின் அடியில் போட்டு அதன் மேல் குக்கரை வையுங்கள். கஞ்சி வடிக்கும்போது குளிர்நீர்க் குழாயை முதலில் திறந்து, அது ஓடிக்கொண்டே இருக்கும்போது மெல்ல ஊற்றுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த வார்ப்பிரும்பு தோசைக்கல்லை ஆறும்வரை சிங்க்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தேங்காயை சிங்க் விளிம்பில் தட்டி உடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

எடையைக் குறைத்துக் கணக்கிடுவது

மூலையிலிருந்து கிளம்பும் விரிசல் அலமாரியைச் சுட்டுகிறது. 30 அங்குல சிங்க் ஒன்றே 50 கிலோவை ஒட்டி வரும். உள்ளளவு 28-க்கு 16 அங்குலம், ஆழம் எட்டரை என்றால் விளிம்புவரை 62 லிட்டர் தண்ணீர் கொள்ளும். பாத்திரங்களையும் டிஸ்போசரையும் சேர்த்தால் 125 கிலோவைத் தாண்டும். இதைத் துகள்பலகை அலமாரியின் பக்கச் சுவர்களில் திருகிய இரண்டு மரச்சட்டம் தாங்கும் என்று நம்பக்கூடாது. பலகை ஈரத்தில் ஊறி ஒரு மூலை மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் போதும், சிங்க் மூன்று மூலைகளில் நின்று முறுக்கிக்கொள்ளும்.

நான்கு மூலையிலும் தரையில் ஊன்றும் கால்கள் வேண்டும். அமெரிக்காவில் டூ-பை-ஃபோர் என்று விற்கும் 38-க்கு 89 மில்லிமீட்டர் கட்டைகள் போதும். அவற்றின் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் 19 மில்லிமீட்டர் பிளைவுட், அதில் வடிகாலுக்குத் தாராளமான ஓட்டை. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைவிட்டத்திலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சூளையில் சுட்ட பொருளின் அடி முழுத்தட்டையாக இருக்காது. இடைவெளி தெரியும் இடத்தில் மரச்சக்கையைச் சுத்தியால் தட்டிச் செருகுவது வழக்கம். அதுவே புதிய சுமைப்புள்ளி ஆகிவிடும். அதற்குப் பதில் பிளைவுட்டின் மேல் சிலிகான் வரிகளை நெருக்கமாக இழுத்து, சிங்க்கை அதன்மேல் இறக்கி ஒரு நாள் அசையாமல் விடுங்கள். மேடுபள்ளத்தை அது நிரப்பிக்கொள்ளும்.

மேல்விளிம்பில் விரிசல் என்றால் கிரானைட் மேடை சிங்க்கின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லின் எடை அலமாரியின் மேல்தான் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு சிலிகான் அடைக்க வேண்டும், டைல் சாந்து அல்ல. சாந்து இறுகிவிடும், அசைவுக்கு இடம் தராது.

எதை அடைக்கலாம், எதை அடைக்கக்கூடாது

எங்கள் முடிவு தெளிவானது: மறுபுறம்வரை போன விரிசல், வடிகாலைத் தொடும் விரிசல், வாரத்துக்கு வாரம் நீளும் விரிசல், இந்த மூன்றையும் எந்தப் பசையாலும் சரிசெய்ய முடியாது. நுனியில் பென்சிலால் தேதி குறித்து இரண்டு வாரம் கவனித்தால் நீள்கிறதா என்று தெரிந்துவிடும். இவற்றை எபாக்ஸியால் (இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை) மூடினால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் மண் உடலுக்குள் நடக்கும். உடைந்த விளிம்பில் கிளேஸ் இல்லாததால் தண்ணீரை உறிஞ்சி நாற்றமடிக்கும், கறுக்கும். அடிப்புறத்தில் சிலிகானை அப்புவதும் இதே கதைதான். தண்ணீர் நிரப்பும் போது திடீரென இரண்டாகப் பிரிந்தால் காலில் விழுவது கூர்மையான பாறை.

சில்லு பெயர்ந்த இடம், நகம் லேசாக மட்டும் தடுக்கும் நிலையான மயிரிழைக் கோடு, இவற்றை அடைக்கலாம். அவசரம்தான் இங்கே தவறு. டிஷ் சோப்பில் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் அந்த சிங்க்கையே பயன்படுத்தாமல் காயவிடுங்கள். ஈரம் உள்ளே இருந்தால் எபாக்ஸி பிடிக்காது. 400 எண் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டு, இரண்டு குழாய்களிலும் சம அளவு பிதுக்கும் வகை பீங்கான் எபாக்ஸியை ஒரு நிமிடம் முழுதாகக் கலந்து, பல்குத்தும் குச்சியால் மெல்லிய அடுக்காக வையுங்கள். ஆழமான சில்லுக்கு இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரும். முழு வலு வர ஒரு வாரம் ஆகும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால், அடைத்த பிறகும் கொதிநீர் அங்கே படக்கூடாது.

சூப்பர் க்ளூ வேண்டாம், சுடுநீரில் நொறுங்கும். விரிசல் நுனியில் துளை போட்டால் நீளாது என்பது உலோகத்தகட்டுக்கான வித்தை. இங்கே துளையே புதிய விரிசலைத் தொடங்கிவிடும். குளியல் தொட்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பூச்சு சமையலறையின் சூட்டுக்கும் கத்திக்கும் ஈடுகொடுக்காமல் செதிலாக உரியும்.

உத்தரவாதத்தை நாமே கெடுத்துக்கொள்வது

அடைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள்: முழு சிங்க், பக்கத்தில் நாணயம் வைத்து விரிசல், அடிப்புறம், தாங்கும் சட்டம், ஒட்டியிருக்கும் லேபிள். நாமே பசை போட்டுவிட்டால் தயாரிப்புக் குறைபாடு என்று காட்டுவது கடினம். “வாழ்நாள் உத்தரவாதம்” என்று அட்டையில் இருந்தாலும் வெப்ப அதிர்ச்சி, தவறான பொருத்துதல், கழற்றி மாட்டும் கூலி ஆகியவை விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்துகளைப் படியுங்கள். புது சிங்க் வந்து இறங்கும்போதே பெட்டியைப் பிரித்து, மரச்சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்லது மணிபோல் ஒலிக்கும், விரிசல் உள்ளது மொத்தென்று கேட்கும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

மாற்றுவது என்று முடிவானால், அதே மாடல் எண்ணை வாங்கினால் பழைய வெட்டில் அப்படியே உட்காரும் என்று எண்ணாதீர்கள். சுடும்போது களிமண் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. இரண்டு சதவீத வேறுபாடு என்றாலே 33 அங்குல சிங்க்கில் 16 மில்லிமீட்டருக்கு மேல். புதியதை வீட்டுக்கு வரவழைத்து அளந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். கழற்றும்போது சிலிகானை மெல்லிய கம்பியால் அறுத்து, அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, இரண்டு பேர் சேர்ந்து இறக்குங்கள். கிரானைட் மேடையில் சிங்க்குக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒடுங்கிய பட்டைகளில் யாரும் சாயக்கூடாது. இறக்க இடமில்லாமல் உள்ளேயே உடைக்க வேண்டி வந்தால் கிரைண்டரால் உலர்வாக அறுக்காதீர்கள். பறக்கும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா இருக்கிறது. கனத்த போர்வையை ஈரமாக்கி மூடி, பாதுகாப்புக் கண்ணாடியும் என்-95 முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து, நடுவிலிருந்து சுத்தியால் தட்டி, சில்லுகளை மரப்பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையை அவை கிழித்துவிடும்.