11 ரோஜாக் குச்சிகள் செத்த கதையும் பிழைக்க வைக்கும் வழியும்

முதல் வருஷம் நட்ட 11 ரோஜாக் குச்சிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் காலை மாலை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து, கொழகொழவென்று ஒரு நாற்றம். காய்ந்து சாகவில்லை, நான் ஊற்றிய தண்ணீரில்தான் அழுகியிருக்கின்றன.

வேரில்லாத குச்சி மண்ணிலிருந்து உறிஞ்சும் தண்ணீர் சொற்பம். ஆனால் இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஈரம் வேண்டியது மேலே, இலையைச் சுற்றியுள்ள காற்றில். கீழே மண்ணுக்கு லேசான பதமும் காற்றோட்டமும் போதும். நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

குச்சியைக் காலையில் வெட்டுங்கள். இரவில் நீர் ஏறி, செடி விறைப்பாக இருக்கும் நேரம் அது. ரோஜாவில் இப்போதுதான் பூத்து முடித்த கிளை நல்லது. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்'கென்று உடைந்து வரவேண்டும். நார் நாராகக் கிழிந்தால் இன்னும் பிஞ்சு. பென்சில் கனம், 15 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணு. மொட்டு இருந்தால் இரக்கமே இல்லாமல் எடுத்துவிடுங்கள்.

ஒட்டு ரோஜாவாக இருந்தால் ஒட்டு போட்ட முடிச்சுக்கு மேலிருந்து மட்டும் வெட்டவேண்டும். இரண்டாம் வருஷம் எனக்கு வேர் பிடித்த முதல் குச்சி, அடியிலிருந்து கொழுகொழுவென்று கிளம்பிய கிளையில் வெட்டியது. பெருமையாக வளர்த்தேன். சிவப்பு ரோஜாவுக்குப் பதில், கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூத்தது. ஒட்டுக்கட்டிய அடிச்செடியை அல்லவா ஆசையாக வளர்த்திருக்கிறேன்!

அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு, மேலே நேராக. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற செடி ஹார்மோன் நுனியிலிருந்து கீழ்நோக்கி இறங்கி அடி வெட்டில் சேர்கிறது. அதனால்தான் வேர் அங்கே வருகிறது. எது அடி, எது நுனி என்று பிறகு குழம்பாமல் இருக்கவும் இந்தச் சாய்வு உதவும். இலையில்லாத அத்திக் குச்சிகள் இரண்டைத் தலைகீழாக நட்டு ஒரு மாதம் காத்திருந்தவன் சொல்கிறேன். பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இரண்டு இலை போதும்; செம்பருத்தி, குரோட்டன்ஸ் மாதிரி பெரிய இலையானால் அதையும் பாதியாக நறுக்கிவிடலாம்.

மண்ணுக்குக் கொரகொரப்பான மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி. எரு வேண்டாம், வேரில்லாதபோது உரத்தால் பயனில்லை, பூஞ்சைதான் வரும். கலவையை நனைத்துக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் அதிகம்.

வேர் ஊக்கிப் பொடிகளில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். இது வேரைத் தூண்டும் என்பது 1935இலேயே தெரிந்துவிட்டது. டப்பாவுக்குள் குச்சியை விடாமல், கொஞ்சம் காகிதத்தில் கொட்டித் தொட்டுக்கொண்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். பென்சிலால் துளை போட்டு நட்டால் பொடி உரசிப் போகாது. இரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்கட்டும். தேன் தடவினாலும் பிடிக்கும் என்பார்கள். செம்பருத்தியில் தேன் தடவி 6, சும்மா 6 என்று நட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, எறும்பு வந்ததைத் தவிர.

அப்புறம் மூடி. அடிப்பாகத்தை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தால் போதும். உள்ளே லேசாக ஆவி படிந்திருந்தால் தண்ணீரே ஊற்றவேண்டாம். தினமும் ஐந்து நிமிஷம் திறந்து மூடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. ஒரு மதியம் மறந்துபோய் வெயிலில் விட்டேன். குச்சிகள் வெந்தே போயின.

மணி பிளான்ட், கோலியஸ், துளசி, புதினாவுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், தண்ணீரே போதும். ஒரு கணுவாவது நீருக்குள் இருக்கவேண்டும். கணு இல்லாத மணி பிளான்ட் இலை வேர்விட்டு மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் துளிர்க்கவே துளிர்க்காது. 2, 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நிறக் கண்ணாடி பாட்டில் என்றால் பாசி குறையும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடவேண்டும். நீரில் வந்த வேர் மெல்லியது. முதல் வாரம் மண் கொஞ்சம் கூடுதல் ஈரமாகவே இருக்கட்டும்.

பால் வடியும் செடிகள் வேறு ஜாதி. ஈழத்தலரி (பிளுமேரியா) கிளையை வெட்டியதும் நடாமல், நிழலில் ஒரு வாரம் போட்டு, வெட்டுவாய் உலர்ந்து மூடிய பிறகு நடவேண்டும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமான வேலை காத்திருப்பதுதான். ரோஜாவுக்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். நடுவில் துளிர் வரும்; நம்பாதீர்கள். குச்சியில் சேர்த்துவைத்த சத்திலேயே வேரில்லாமலும் துளிர்க்கும். பிடுங்கிப் பார்த்தால் மயிர் மாதிரி முளைத்த வேர் அறுந்துவிடும். என் கை சும்மா இருக்காது என்பதால், அடியில் ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, வெளியே கறுப்புக் காகிதம் சுற்றிவைக்கிறேன். ஆசை வந்தால் காகிதத்தை மட்டும் விலக்கிப் பார்ப்பேன். வெள்ளை வேர் டம்ளரின் ஓரத்தைத் தொட்ட பிறகு, ஒரு வாரம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நேரம் திறந்துவைத்துப் பழக்கி, தொட்டிக்கு மாற்றலாம்.

புதுச்செடியில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிவிடவேண்டும், சத்து வேருக்குப் போகும். நான் கிள்ளவில்லை. நிறத்தைப் பார்த்தாகவேண்டுமே.