பீன்ஸ், பட்டாணி விதைக்கு ரைசோபியம்: பழனி மலைத் தோட்டங்களுக்கான செய்முறை

ரைசோபியம் என்பது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) வேர் முடிச்சில் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா. அதன் பாக்கெட்டை வாங்குமுன் திருப்பிப் பார்த்து, எந்தப் பயிருக்கானது என்று படியுங்கள். பட்டாணி வேரில் முடிச்சுப் போடும் ரைசோபியம் பீன்ஸுக்கு உதவாது. தட்டைப்பயறு, நிலக்கடலைக்கானது இன்னொரு இனம். காலாவதி தேதியையும் பாருங்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்த பாக்கெட் வேண்டாம்.

10 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று. உப்புப் போடாத வடிகஞ்சி 300 மில்லியை நன்றாக ஆறவிட்டு அதில் கரையுங்கள். தோசை மாவுப் பதம் வரும். வெல்லப்பாகும் ஒட்டும், ஆனால் எறும்பை இழுக்கும். கஞ்சியே மேல்.

பீன்ஸ் விதையை வாளியில் ஊறவிட்டால் தோல் சுருங்கி உரியும். அழுத்திப் பிசைந்தால் பருப்பு இரண்டாகப் பிளந்து முளை போய்விடும். சாக்கில் பரப்பி, கலவையைத் தெளித்து, இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்து உருட்டுங்கள். எல்லா விதையிலும் கருப்பாக ஒரு பூச்சு ஏறினால் போதும்.

அடுத்து நிழலில் அரை மணி நேரம் உலர்த்தல். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அரை மணியில் காயாது, விதை கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதற்காக வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஈரம் இருக்கும்போதே நைசான சுண்ணாம்புக்கல் மாவு 500 கிராம் தூவி உருட்டினால் விதை உதிரியாகிவிடும். நம் மலையின் புளிப்பு மண்ணில் பாக்டீரியாவுக்கு அதுவே கவசமும். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் வாங்கும் சுட்ட சுண்ணாம்பைத் தூவிவிடாதீர்கள். அதன் காரம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

பலரும் இடறும் இடம் கடை விதை. சிவப்போ ரோஸோ சாயம் ஏறியிருந்தால் பூஞ்சாணக்கொல்லி பூசியது என்று பொருள். அதன்மேல் ரைசோபியம் பூசுவது வீண். அப்படிப்பட்ட விதை என்றால் ஏக்கருக்கு 4 பாக்கெட்டை, 10 கிலோ மக்கிய தொழு உரமும் 10 கிலோ மண்ணும் சேர்த்துக் கலந்து விதைக்கும் சாலில் போடுங்கள். வேரழுகலுக்குப் பயந்தால், சாயமில்லாத விதை வாங்கி கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சாணம்) சேர்ப்பது என் தேர்வு.

நேர்த்தி செய்த விதையை அன்றே, ஈர மண்ணில் ஊன்றிவிடுங்கள். டிஏபி, காம்ப்ளக்ஸ் உரங்கள் விதையோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது. மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே என்றால், புளிப்பைக் குறைக்கும் கல்மாவான டோலமைட்டை மண் பரிசோதனை சொல்லும் அளவு சில வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

35 நாளில் ஒரு செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையும் பச்சையும் வேலை செய்யாதவை. இன்னொரு குழப்பம்: நூற்புழு வீக்கமும் முடிச்சுபோலவே தெரியும். ரைசோபிய முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு தாக்கினால் வேரே தடித்திருக்கும், உதிராது.

முடிச்சே இல்லையா? முந்தைய போகம் பூண்டோ உருளையோ போட்ட காடா என்று யோசியுங்கள். அதற்குக் கொட்டிய உரத்தில் தழைச்சத்து மிச்சமிருந்தால் செடி முடிச்சுப் போடச் சோம்பும். பட்டாணி நன்றாகவே தழைச்சத்தை நிலைநிறுத்தும். பீன்ஸ் அதில் கொஞ்சம் மட்டம். அதனால் பீன்ஸுக்கு அடியுரத் தழைச்சத்தை அடியோடு நிறுத்தாதீர்கள், மேலுர யூரியாவை மட்டும் முடிச்சைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.