பல் விழுந்த மடக்குக் கத்தியைச் சரிசெய்த விதம்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நைலான் கயிற்றை அறுக்கையில் இரும்பு வளையத்தில் இடித்து, எஸ்30வி என்ற கடினமான கத்தி எஃகாலான என் மடக்குக் கத்தியின் வாயில் பல் விழுந்துவிட்டது, அதாவது விளிம்பு பெயர்ந்து சிறு பள்ளங்கள் உண்டாயின. கடின எஃகு மடங்காமல் பெயர்ந்துவிடுவதால், மடங்கிய விளிம்பை நிமிர்த்தும் தீட்டுக்கோல் உதவவில்லை. அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லில் நாள்கணக்கில் தேய்த்தும் பள்ளங்கள் பெரிதாகக் குறையவில்லை. இந்த எஃகில் ஏறத்தாழ 4 சதவீதம் வனேடியம் உண்டு. அது கார்பனுடன் சேர்ந்து உருவாகும் கார்பைடு துகள்கள் அந்தக் கல்லைவிடக் கடினமானவை.

புதுச்சேரியில் வாங்கிய 400 கிரிட் (சொரசொரப்பின் அளவு) வைரத் தகடுதான் கைகொடுத்தது. வாயின் இருபக்கச் சரிவைத் தீட்டுவதற்கு முன், கத்தியின் வாயைத் தகட்டின் மீது செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் இழுத்து, பள்ளத்தின் அடிமட்டம் வரை விளிம்பைச் சமன்செய்தேன்; பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அப்போது மழுங்கிய விளிம்பு விளக்கொளியில் வெள்ளைக் கோடாக மின்னும். பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வில் மாறிமாறித் தீட்டியதும் கோடு மறைந்து, நுனியருகே ஒரு புள்ளி மட்டும் மின்னியது. அதுவும் மறைந்தபின் நாளிதழ்த் தாள் பிசிறின்றி அறுபட்டது, பெரும் நிம்மதி.