நெரைட் நத்தை குஞ்சு பொரித்த கதை

மீன் தொட்டியில் வளர்க்கும் சின்ன நத்தைதான் நெரைட். ஒரு வருஷமாக என் தொட்டியில் கண்ணாடி, கட்டை, கல் எங்கும் எள்ளை ஒட்டியதுபோல அதன் வெள்ளை முட்டைகள். ஒரு குஞ்சுகூட வரவில்லை.

காரணம் தண்ணீர். நெரைட் நன்னீரிலும் முட்டையிடும். ஆனால் வெளிவருவது தவழும் குட்டி அல்ல, நீந்தித் திரியும் லார்வா. ஆறு அதைக் கழிமுகத்துக்கு அடித்துக்கொண்டு போகும். உப்பு கலந்த நீரில்தான் அது வளரும்.

முட்டை ஒட்டிய கல்லைத் தனியாக 10 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். கடல் மீன் தொட்டிக்கான உப்பை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மொத்தம் 150 கிராம். நீரின் அடர்த்தியை வைத்து உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் சுமார் 1.010. சமையல் உப்பு போடாதீர்கள், கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதாது.

இரவில் டார்ச் அடித்தால் தூசிபோலப் புள்ளிகள் துள்ளின! முதல் முறை அத்தனையையும் ஃபில்டர் உறிஞ்சிவிட்டது. அடுத்த முறை ஃபில்டரை எடுத்துவிட்டு, ஏர் டியூபில் நொடிக்கு ஒரு குமிழி மட்டும் விட்டேன். தீனிக்கு நன்னீர்ப் பாசியை ஊற்ற, அது செத்துத் தண்ணீர் நாறியது. அப்புறம் அதே உப்பு நீரை மாடி வெயிலில் வைத்துப் பச்சையாக்கி, தினமும் இரண்டு ஸ்பூன் விட்டேன்.

ஐந்தாவது வாரம், கண்ணாடியில் குண்டூசித் தலை அளவில் ஏழு நத்தைகள், ஓட்டில் கோடுகூடத் தெரிந்தது. இப்போது வாரம் ஒரு லிட்டர் நன்னீர் மாற்றி உப்பைக் குறைத்து வருகிறேன்.